ஏர்கோன் போடுறதுக்கு முன்னால கூரையைப் பாருங்க



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க. கோயில் வாட்சாப் குழுவுல இதைப் பத்திப் பேசிப் பேசி, குரல் பதிவு மேல குரல் பதிவா வந்து, கடைசியில ரெண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. அதனால நான் நினைக்கிறதை முழுசா இங்கேயே எழுதிடுறேன். இது என் சொந்தக் கருத்து, கோயில் நிர்வாகத்தின் முடிவு இல்லை.

விஷயம் இதுதான். அடுத்த கும்பாபிஷேகத்துக்கான திருப்பணி வேலைகள் தொடங்கப் போகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலை. பட்டியலில் முதல் மூன்றில் ஒன்றாக நிற்பது மண்டபத்துக்கு ஏர்கோன். விலைப்பட்டியல் வந்துவிட்டது. 12 இயந்திரம், புது வயரிங், எல்லாம் சேர்த்து 96,000 வெள்ளி. உபயக்காரர் ஒருவர் பாதி தருகிறேன் என்றும் சொல்லிவிட்டார். அவருடைய நல்ல மனசுக்கு நான் எதிரி இல்லை. ஆனால் இந்த 96,000 வெள்ளியை வேறு மாதிரி செலவு செய்யலாம், அதில் முக்கால் பங்கு மிச்சமும் ஆகலாம் என்பதுதான் என் வாதம். அதோடு, நம்மைப் போன்ற சின்னக் கட்டடங்களை அரசாங்கத்தின் எரிசக்திக் கொள்கை கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்ற வருத்தமும் எனக்கு உண்டு. ரெண்டையும் சேர்த்தே பேசுகிறேன், ஏன்னா ரெண்டும் ஒரே பிரச்சினைதான்.

நம்ம ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள், தெரியும்தானே? 1511-இல் மலாக்கா போர்த்துகீசியர் கையில் விழுந்தபோது தப்பி வந்த பெண்டஹாரா, இங்கே ஆற்றுத் தண்ணியைக் குடிச்சுட்டு "செகார் அமாட்" என்றாராம். அப்படியொரு குளிர்ச்சி என்று அர்த்தம். அதுவே செகாமட் ஆச்சு, நம்ம வாயில சிகாமட் ஆச்சு. இன்னிக்கு மதியம் ரெண்டு மணிக்கு அந்தப் பெண்டஹாராவை நம்ம மண்டபத்துல கொண்டுவந்து உட்கார வெச்சா ஊருக்கு என்ன பெயர் வெச்சிருப்பாரோ தெரியலை.

சிரிப்பை விடுங்க. போன ஆடித் திருவிழா அன்னதானத்தில் நடந்ததை மறந்திருக்க மாட்டீங்க. வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். நானும் இன்னொரு தம்பியும்தான் தூக்கிக்கொண்டு போய் வேப்பமரத்தடியில் படுக்க வைத்தோம். கண் திறந்ததும் அவர் சொன்னது இன்னமும் காதில் நிற்கிறது: "முப்பது வருஷம் பால் வெட்டுனேன் தம்பி, காட்டுல கூட இப்படி வேகல." ரப்பர் மரத்துக்கு அடியில் நிழல் இருந்தது. நம்ம தகரக் கூரைக்கு அடியில் நிழல் மட்டும்தான் இருக்கு, அது தர வேண்டிய குளிர்ச்சி இல்லை. அந்தப் பாட்டி பெரிய ஆபத்து இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். அடுத்த முறை அப்படியே இருக்கும் என்று யார் உறுதி தருவது?

இன்னொரு சம்பவம். 2025 ஆகஸ்டு 24 காலையில் நம்ம ஊரில் நிலம் அதிர்ந்தது, 4.1 ரிக்டர். நாடே நம்மைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் மண்டபத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, முருகன் புண்ணியம். ஆனாலும் விரிசல் ஏதும் இருக்கா என்று பார்க்க, கட்டுமானத் துறையில் வேலை செய்யும் பக்தர் ஒருவரோடு அன்று மதியம் நானும் ஏணியில் ஏறினேன். அவர் கையில் வெப்பம் அளக்கும் துப்பாக்கி மாதிரி ஒரு கருவி வைத்திருந்தார். சும்மா விளையாட்டாகத் தகரத்தின் அடிப்பக்கம் பிடித்துப் பார்த்தார். 57 டிகிரி காட்டியது. கீழே நிழலில், மரத்தடியில், 33. அவர் என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க மண்டபம் கட்டல, அடுப்பு கட்டியிருக்கீங்க" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. நாம் நினைக்கிறோம், ஊர் சூடு, அதனால் மண்டபம் சூடு என்று. அப்படி இல்லை. நம்ம நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கம், வெயில் தலைக்கு நேர் மேலே அடிக்கிறது. சுவரைவிடக் கூரைதான் வெயிலை வாங்குகிறது. இன்சுலேஷன் இல்லாத தகரம் அந்தச் சூட்டை வாங்கி, அடுப்புத் தணல் அனல் வீசுவதைப் போலக் கீழே வீசுகிறது. அந்த அனல் நேராக நம் தலையில் இறங்குகிறது. மின்விசிறி என்ன செய்யும்? மேலே தேங்கியிருக்கிற சூடான காற்றைக் கீழே தள்ளிவிடும். விசிறி கூட்டினால் ஏன் இன்னும் புழுங்குது என்று அம்மாமார்கள் கேட்பது இதனால்தான். முன்பக்கம் இருக்கும் கான்கிரீட் தளம் இன்னும் மோசம். தகரமாவது சூரியன் சாய்ந்ததும் ஆறிவிடும். கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் மெதுவாகக் கக்கிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை பூஜைக்கு அங்கே உட்காருகிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இப்போ ஏர்கோன் கணக்கு. நியாயமாகவே போடுகிறேன், பயமுறுத்தப் போவதில்லை. 12 இயந்திரம், ஒவ்வொன்றும் மணிக்கு ஏறக்குறைய 2.5 யூனிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்யாணத்துக்கு 6 மணி நேரம் ஓடினால் 180 யூனிட். 2025 ஜூலை 1-இல் வந்த புதுக் கட்டண முறையில் எல்லாம் கூட்டினால் யூனிட்டுக்கு ஏறக்குறைய 50 சென் வருகிறது. ஆக ஒரு கல்யாணத்துக்கு 90 வெள்ளி. "இவ்வளவுதானா? வாடகையில் கூட்டிக்கொள்ளலாமே" என்பீர்கள். சரிதான். மின்கட்டணத்தைக் காட்டி நான் ஏர்கோனை வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் கேட்பது வேறு. அந்த ஏர்கோன் யாருக்கு ஓடும்? வாடகை கட்டுகிறவர்களுக்கு ஓடும். செவ்வாய்க்கிழமை டியூஷன் வகுப்புக்கு வரும் நாற்பது பிள்ளைகளுக்கு ஓடுமா? அன்னதான வரிசையில் நிற்கிற பாட்டிக்கு ஓடுமா? சமையல்கட்டில் மூன்று மணி நேரம் சாம்பாருக்கு முன்னால் நிற்கிற அக்காமார்களுக்கு ஓடுமா? நம்ம செயலாளரைப் பற்றி எனக்குத் தெரியும். மாசக் கடைசியில் பில்லைப் பார்த்துட்டு முதல் வேலையா ரிமோட்டை எல்லாம் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். (அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க பூட்டலைன்னா நான் பூட்டுவேன்.) கூரையில் போடுகிற இன்சுலேஷனுக்கு ரிமோட் கிடையாது. அது எல்லாருக்கும், எல்லா நாளும், காசில்லாமல் வேலை செய்யும்.

அதே மண்டபக் கூரைக்கு இரண்டு குத்தகையாளரிடம் விலை கேட்டேன். எப்படியும் இந்தத் திருப்பணியில் பழைய தகரத்தை மாற்றத்தான் போகிறோம். மாற்றும்போதே அலுமினியத் தாளும் ராக்வூலும் சேர்த்துப் போட, கூடுதலாக 22,000 வெள்ளி. தகரத்தின் நிறத்தை மெரூனிலிருந்து வெள்ளைக்கு மாற்றக் கூடுதல் செலவு ஒரு சென் கூட இல்லை. ஆமாம், நிறத்துக்கு விலை ஒன்றுதான். மெரூன் வெயிலைக் குடிக்கும், வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும். அழகுக்காக நாம் மெரூன் வாங்கினோம். அந்த அழகைக் காக்கையைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

ஒரு சின்ன விஷயம், வேறு கோயில்காரர்கள் யாராவது படித்தால் உதவும். அலுமினியத் தாளைத் தகரத்தோடு ஒட்டிப் போட்டுவிட்டுப் போகிற குத்தகையாளர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் அதன் பயன் பெரும்பாலும் போய்விடும். பளபளப்பான பக்கத்துக்கு எதிரில் காற்று இடைவெளி இருக்க வேண்டும், அப்போதுதான் அது அனலைத் தடுக்கும். பளபளப்பு கீழே பார்த்தபடி இருந்தால் தூசி படியாது, நாள் பட உழைக்கும். வேலை நடக்கும் அன்று யாராவது மேலே ஏறிப் பார்க்கணும். மூடிவிட்ட பிறகு பார்க்க முடியாது.

சரி, இப்போ கொள்கைக்கு வருகிறேன்.

நம்ம நாட்டில் எரிசக்தி சிக்கனத்துக்குச் சட்டம் இல்லை என்று யாரும் நினைக்காதீங்க. இருக்கு. 2024 எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், அதாவது சட்டம் 861, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. எரிசக்தி ஆணையம் அமல்படுத்துகிறது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது 60 லட்சம் யூனிட் அளவுக்கு எரிசக்தி பயன்படுத்தும் பெரிய நிறுவனங்கள் எரிசக்தி நிர்வாகியை நியமிக்கணும், தணிக்கை செய்யணும், அறிக்கை கொடுக்கணும். 8,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள அலுவலகக் கட்டடங்கள் தாங்கள் எவ்வளவு மின்சாரம் தின்கிறோம் என்று லேபிள் மாட்டணும். நல்ல சட்டம். நான் குறை சொல்லவில்லை. யார் அதிகம் எரிக்கிறார்களோ அவர்களை முதலில் பிடிப்பது சரியான முறைதான்.

ஆனால் சிகாமட்டில் 60 லட்சம் யூனிட் எரிக்கிற கட்டடம் எத்தனை இருக்கும்? விரல் விட்டு எண்ணிவிடலாம். நாம் வாழ்கிற, கும்பிடுகிற, படிக்கிற கட்டடங்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்குக் கீழே.

கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்ன இருக்கிறது என்று தேடினேன். 2021-இல் சேவ் 2.0 என்று ஒரு திட்டம். 4 நட்சத்திரம், 5 நட்சத்திரம் உள்ள ஏர்கோனோ குளிர்பதனப் பெட்டியோ வாங்கும் வீட்டுக்கு 200 ரிங்கிட் கழிவு. 2024-இல் சோலாரிஸ். வீட்டுக் கூரையில் சோலார் போட்டால் 4,000 ரிங்கிட் வரை. வழிபாட்டுத் தலங்களுக்கு மின்கட்டணத்தில் 10 விழுக்காடு கழிவு. எல்லாம் நல்லதுதான். ஆனால் கவனிச்சீங்களா? பொருள் வாங்கினால் காசு. பில் கட்டினால் கழிவு. கூரையைச் சரி செய்தால்? ஒன்றும் இல்லை. ஓட்டை வாளியில் தண்ணி ஊற்றுகிறவனுக்குப் பெரிய குழாய் வாங்கிக் கொடுக்கிற மாதிரி இருக்கு.

எம்.எஸ். 1525 என்று ஒரு மலேசியத் தரநிலை 2001-இலிருந்து இருக்கிறது, பலமுறை திருத்தியும் இருக்கிறார்கள். வீடு அல்லாத கட்டடங்களுக்கானது. இலேசான கூரை வழியாக எவ்வளவு வெப்பம் இறங்கலாம் என்று அதில் வரம்பே இருக்கிறது. சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, 0.4 வாட். நம்ம வெறும் தகரம் அந்த வரம்பைப் போலப் பல மடங்கு சூட்டை இறக்கும். ஆக, அறிவு இல்லாமல் இல்லை. நம்ம நாட்டுப் பொறியாளர்களே உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார்கள். அது புதிதாகக் கட்டுகிற பெரிய கட்டடங்களைப் பார்த்து எழுதியது. இருபது வருடத்துக்கு முன் கட்டிய மண்டபத்தின் கூரையைக் கழற்றி மாட்டுகிறவனிடம் வந்து "ஐயா, இதைப் போடுங்க, வித்தியாசத்தை நாங்க தர்றோம்" என்று சொல்ல ஆளில்லை.

போன வருடம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை, அங்கே இருந்த பெண் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். கோயிலுக்கு மானியம் கேட்டு விண்ணப்பப் பாரத்தை நிரப்பினேன். "கூரை பழுது" என்று ஒரு கட்டம் இருந்தது. "சாயம் பூசுதல்" இருந்தது. "இன்சுலேஷன்" என்று எழுதினேன். அவர் பார்த்துவிட்டு, "அங்கிள், இது பழுது இல்லையே, மேம்பாடு. இதுக்கு இதில் இடமில்லை" என்றார். சரி, எரிசக்தி சம்பந்தமான மானியம் எங்கே என்று கேட்டேன். அது தொழிற்சாலைக்கும் பெரிய கட்டடத்துக்கும் என்றார். பழுது என்று பார்க்கிற இடத்தில் எரிசக்தி இல்லை. எரிசக்தி என்று பார்க்கிற இடத்தில் கோயில் இல்லை. நான் ரெண்டுக்கும் நடுவில் பாரத்தோடு நின்றேன்.

வீடமைப்பு ஊராட்சி அமைச்சு, இஸ்லாம் அல்லாத வழிபாட்டுத் தலங்களுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்குகிறது. கோயில், தேவாலயம், சீனக் கோயில், குருத்வாரா எல்லாமே அதில்தான் வரும். நான் கேட்பது புது நிதி கூட இல்லை. இதே நிதியில் ஒரு நிபந்தனை சேருங்கள். கூரை மாற்றப் பணம் வாங்கினால் இன்சுலேஷனோடுதான் மாற்றணும், அதற்கான கூடுதல் தொகையையும் சேர்த்துக் கொடுப்போம் என்று. அவ்வளவுதான். சாரம் கட்டியாச்சு, தகரம் கழற்றியாச்சு, ஆள் மேலே நிற்கிறான். அந்த நேரத்தில் போட்டால் 22,000. மூடிவிட்டு மூணு வருஷம் கழித்துத் தனியாகப் போடணும்னா மறுபடி சாரம், மறுபடி கூலி, செலவு எங்கேயோ போயிடும்.

இங்கேதான் நம்ம வழக்கம் ஒரு பெரிய வாய்ப்பு என்று நினைக்கிறேன். உலகத்தில் எந்தக் கட்டடத்தையும் தவறாமல் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை திறந்து, பார்த்து, சரி செய்து மூடுகிற ஒழுங்கு எத்தனை சமூகத்துக்கு இருக்கிறது? ஐரோப்பாவில் 2002-இலிருந்தே கட்டட எரிசக்திச் சட்டம் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் குளிரை வெளியே நிறுத்தும் பிரச்சினை, நமக்குச் சூட்டை. அங்கே அரசாங்கங்கள் தலையில் அடித்துக்கொள்வது இதற்குத்தான்: பழைய கட்டடத்துக்காரனைத் திருத்த வேலைக்கு இறங்க வைப்பது எப்படி? நமக்கு அந்தக் கஷ்டமே இல்லை. கும்பாபிஷேக தேதி குறித்துவிட்டால் கடன் வாங்கியாவது வேலையை முடிப்போம். அந்தப் பன்னிரண்டு வருடச் சுற்றில் அரசாங்கம் வந்து இணைந்துகொண்டால் போதும்.

நம்மைப் போல வெயில் ஊர்களும் சும்மா இல்லை. தெலங்கானா மாநிலம் 2023-இல் குளிர்க் கூரைக் கொள்கை என்றே ஒன்று கொண்டு வந்தது. 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரையை வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரையாக மாற்றுவது இலக்கு. தமிழ்நாட்டிலும் சென்னை பெரும்பாக்கத்துக் குடியிருப்பில் கூரைக்கு வெள்ளைப் பூச்சு பூசிச் சோதித்துப் பார்த்தார்கள். பக்கத்தில் சிங்கப்பூர். நம்ம பிள்ளைகள் பாதிப் பேர் வேலை செய்கிற ஊர். அங்கே தெம்பனிசில் வீடமைப்பு வாரிய அடுக்குமாடிகளுக்கு வெப்பம் திருப்பும் சாயம் பூசிப் பார்க்கிறார்கள். கட்டட உரிமையாளர்கள் பழைய கட்டடத்தைச் சீர்படுத்த 2022-இல் 6 கோடியே 30 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கினார்கள். ஏழை நாட்டாலும் முடிகிறது, பணக்கார நாட்டாலும் முடிகிறது.

நம்ம நாட்டிலேயே முன்மாதிரி இருக்கு. சைபர்ஜெயாவில் ராஜா ஹஜி ஃபிசபிலில்லா பள்ளிவாசலைப் பசுமைக் கட்டடமாகவே கட்டினார்கள், பசுமைக் கட்டடக் குறியீட்டில் பிளாட்டினம் தரம் வாங்கியது. வழிபாட்டுத் தலமும் எரிசக்திச் சிக்கனமும் ஒத்துப்போகாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அது புதிதாகக் கட்டியது, பெரிய பட்ஜெட். நான் பேசுவது தாமானில் நிற்கிற சூராவையும் சேர்த்துத்தான். அவர்கள் கூரையும் நம்ம கூரையும் ஒரே கடையில் வாங்கிய தகரம்தான். இதை இந்துக் கோயில் பிரச்சினையாக மட்டும் சுருக்கிவிட வேண்டாம்.

அவசரப்பட்டுச் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கு, அதையும் சொல்லிவிடணும். ஆஸ்திரேலியாவில் 2009-இல் வீட்டுக் கூரைக்கு இலவச இன்சுலேஷன் என்று அரசாங்கம் பணத்தை அள்ளி இறைத்தது. காசைப் பார்த்ததும் அனுபவம் இல்லாதவன் எல்லாம் குத்தகையாளர் ஆனான். கூரைக்குள் ஏறிய இளம் தொழிலாளிகள் நான்கு பேர் செத்துப்போனார்கள். மின்கம்பி செல்லும் இடத்தில் அலுமினியத் தாளைப் பொருத்தி மின்சாரம் பாய்ந்தது, வெப்பம் தாங்காமல் போனது என்று காரணங்கள். 2010 பிப்ரவரியில் திட்டத்தையே நிறுத்தினார்கள், பிறகு அரச விசாரணையும் நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், பணத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. யார் போடலாம், போடும் முன் மின்சாரத்தை நிறுத்தினார்களா, போட்ட பிறகு யார் பார்ப்பது, இதெல்லாம் பாரத்திலேயே இருக்க வேண்டும். நம்ம கோயில் கூரைக்குள் வயரிங் எப்படி இருக்கு என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒருவர் ஏறி ஒரு வயர் இழுத்திருக்கிறார். அலுமினியத் தாளுக்கு முன்னால் வயர்மேனைக் கூப்பிட்டே ஆகணும். அந்தச் செலவு 22,000-இல் சேரவில்லை, இப்பவே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டாதீங்க.

ஒரு வாக்குமூலம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் "கோயில் கூரையில் சோலார் போடுவோம்" என்று வீர வசனம் எழுதியவன் நான்தான். முந்நூறு லைக் வந்தது. இப்போது அந்தக் கருத்திலிருந்து இறங்கி வந்துவிட்டேன். சோலார் கெட்டது என்பதால் இல்லை. நம்ம கோயில் மின்சாரம் எரிப்பது காலை ஆறிலிருந்து எட்டு, மாலை ஆறிலிருந்து பத்து. சோலார் மின்சாரம் தருவது நடுப்பகல். நம்மிடம் இல்லாத நேரத்தில் வருமானம், தேவைப்படுகிற நேரத்தில் இருட்டு. பழைய நெம் திட்டமும் 2025 ஜூன் கடைசியோடு முடிந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, சூடு இறங்குகிற கூரையை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேலே சோலார் போட்டு, அதன் கீழே ஏர்கோன் போட்டு, ஒன்றை ஒன்று துரத்த விடுவதில் என்ன புத்திசாலித்தனம்? முதலில் கூரை. பிறகு விளக்கும் விசிறியும். அதுக்கும் பிறகு தேவை என்றால் சோலார்.

எதிர்க்கேள்விகள் வரும், தெரியும். ஆகமம் என்பார்கள். கருவறையையும் விமானத்தையும் யாரும் தொடப் போவதில்லை. அங்கே ஏர்கோனும் கிடையாது, ராக்வூலும் கிடையாது, தீபமும் கற்பூரமும் மட்டும்தான். நான் பேசுவது மண்டபத்தையும் சமையல்கட்டையும்.

"ஏர்கோன் இல்லாத மண்டபத்தை யார் எடுப்பாங்க?" இது நியாயமான கேள்வி, இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. இப்போதைய கல்யாணங்களில் மாப்பிள்ளை கோட் சூட் போடுகிறார், பெண்ணுக்கு மேக்கப் கரையக் கூடாது. வாடகை வருமானம்தான் நம்ம பாலர் பள்ளியை ஓட்டுகிறது, அதுவும் உண்மை. ஆகவே நான் சொல்வது, கூரையை முதலில் போடுங்க, ஒரு வருடம் இருந்து பாருங்க. அதற்குப் பிறகும் ஏர்கோன் வேண்டும் என்றால் போடுங்க. சூடு இறங்காத மண்டபத்துக்கு 12 இயந்திரம் தேவைப்படாது. குறைந்த எண்ணிக்கையே போதும். கூரை இல்லாமல் ஏர்கோன் போட்டால் 12-ம் மூச்சு வாங்கும். உபயக்காரர் அண்ணனுக்கும் இதையே சொல்ல விரும்புகிறேன். ஏர்கோன் மேல் உங்கள் பெயர் எட்டு, பத்து வருடம் இருக்கும், அதுக்கு மேல இயந்திரம் தாங்காது. கூரை அதைவிட நாள் நிற்கும்.

இன்னொரு விஷயம் மனசை உறுத்துது. நமக்காவது நிலப்பட்டா இருக்கு, பதிவு இருக்கு, பாரம் நிரப்ப முடிகிறது. சாஆ, லாபிஸ், பெக்கோக் பக்கம் செம்பனைக்கு நடுவே நிற்கிற தோட்டக் கோயில்கள்? நிலம் தோட்ட நிறுவனத்துக்கு. மக்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள். வருடம் ஒரு முறை திருவிழாவுக்குத் திரும்பி வருகிறார்கள். நாளைக்கு இடம் இருக்குமா என்று தெரியாத கோயிலுக்கு யார் கூரையில் பணம் போடுவார்? வாடகை வீட்டுக்காரன் சொந்தக் காசில் வீட்டைத் திருத்த மாட்டான், அதே கதை. எரிசக்திக் கொள்கை பேசுகிற யாரும் இதைப் பேசுவதில்லை. நில விவகாரம் தீராமல் இந்தக் கோயில்களுக்கு எந்த மானியமும் போய்ச் சேராது. அங்கே இப்போதைக்கு முடிந்தது, தகரத்துக்கு மேலே வெள்ளைச் சாயம். ரெண்டு டின் சாயமும் நாலு இளைஞர்களும் போதும். இந்த வருடம் ஏதாவது ஒரு தோட்டக் கோயிலில் செய்து பார்ப்போம் என்று இளைஞர் பிரிவிடம் சொல்லியிருக்கிறேன்.

கோயிலுக்கு ஏன் பொதுப்பணம் என்று கேட்கிறவர்களுக்கு 2023 மார்ச்சை ஞாபகப்படுத்துகிறேன். சிகாமட் மாவட்டமே தண்ணியில் நின்றது. நம்ம சமையல்கட்டில் இரவு பகலாக அடுப்பு எரிந்தது. யாருக்குச் சமைத்தோம்? தமிழனுக்கு மட்டுமா? மூணு இனத்துக்கும் சைவச் சாப்பாடு போச்சு. மண்டபத்தில் பாய் விரித்து ஆட்கள் படுத்தார்கள். குழந்தைகள் புழுக்கம் தாங்காமல் ராத்திரி முழுக்க அழுதது, அங்கே படுத்திருந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளம் வரும்போது நாம் பொதுக் கட்டடம், மானியம் கேட்கும்போது மட்டும் தனியார் கட்டடமா?

இதையெல்லாம் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் கடிதமாக எழுதி வைத்திருக்கிறேன். மலாயில் எழுதியது, நம்ம இளைஞர் பிரிவுத் தங்கச்சி ஒருத்தி திருத்திக் கொடுத்தாள். நிர்வாகம் சம்மதித்தால் கோயில் முத்திரையோடு போகும், இல்லையென்றால் என் பெயரில் போகும். மற்ற கோயில் நண்பர்கள், உங்கள் திருப்பணி எந்த வருடம், கூரை என்ன கூரை, இந்த ரெண்டையும் மட்டும் கீழே எழுதுங்க. ஒரு மாவட்டத்தில் இத்தனை கூரை மாறப் போகிறது என்று பட்டியலோடு போனால் பேசுவதற்கு ஒரு பிடி கிடைக்கும். பத்துக் கோயில் சேர்ந்து ஒரே குத்தகையாளரிடம் போனால் விலையும் குறையும்.

கடைசியாக, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வழக்கம்போல அலுவலக அறையில் என்று அறிவிப்பு வந்திருக்கு. அந்த அறையில் ஏர்கோன் இருக்கு. செயலாளர் அண்ணனுக்கு ஒரு பணிவான வேண்டுகோள்: கூட்டத்தை மண்டபத்தில் வையுங்கள், மதியம் ரெண்டு மணிக்கு. நாற்காலி போடுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், அந்த வெப்பத் துப்பாக்கியையும் கேட்டு வாங்கி வந்துவிடுகிறேன். மோர் என் உபயம்.